லேசான அம்பு

அன்பு மகன் நீலோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அலாஸ்காக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பா சவுனா நீராவிக் குளியலறை அடுப்புக்குப் புதுப் புகைபோக்கி போட்டார், போட்ட நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. உன் அக்கா கார்லா சர்ச்சுக்காக இறைச்சி அடைத்த பேஸ்டி சுட்டு விற்கிறாள், போன் பேசக்கூட அவளுக்கு நேரமில்லை. தோளில் செய்த அறுவைக்குப் பிறகு எனக்கு வலி தேவலை, பழைய பலம்தான் வரவில்லை.

உன் புது காம்பவுண்டு வில்லுக்கு எவ்வளவு கனத்தில் அம்பு கட்டலாம் என்று கேட்டிருந்தாய். அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று அங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இவ்வளவு நாள் பதில் போடாததற்கு அதுதான் காரணம், வேலை இருந்தது என்று சொன்னால் பொய்.

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். நீ வில்லை அறுபத்தைந்து பவுண்டு விசையில் இழுக்கிறாய், அடிக்கப் போவது குதிரை உயரத்து மூஸ் மான். முனையோடு சேர்த்து ஐந்நூறு கிரெயின் எடைக்குக் குறையாமல் கட்டு. முன்பக்கம் கனம் ஏற்றினால் தண்டும் அதற்கேற்ற விறைப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்பு வாலாட்டிக்கொண்டே போகும். சட்டத்தில் காகிதத்தை ஒட்டி எய்து பார், ஓட்டை ஒரு பக்கமாகக் கிழியாமல் இருந்தால் சரி. பட்டதும் விரிகிற முனை வேண்டாம், விரிவதிலேயே பாதி வேகம் போய்விடும். வேகமானியில் என்ன எண் காட்டுகிறது என்று பார்த்து மயங்காதே, லேசான அம்பு வேகமாகப் போகும், ஆழமாக இறங்காது. இதையெல்லாம் ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள் நான், இந்த வருஷம் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை.

தோள் இழுக்காததால் வில்லை ஐம்பத்தைந்திலிருந்து நாற்பத்திரண்டு பவுண்டுக்கு இறக்கினேன். வில் கடையில் வேகம் பார்த்தபோது எண் ரொம்பக் கீழே போய்விட்டது, எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அங்கேயே இருப்பதிலேயே லேசான அம்பையும் விரிகிற முனையையும் வாங்கினேன், எண் மறுபடி ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கத்து ரூடி லாஹ்தி கிட்டே வந்து, இழுவை குறைந்தால் அம்பு கனம் இருக்க வேண்டும், கிட்டப் போய் அடித்தால் போதும் என்று மெதுவாகத்தான் சொன்னான். "உனக்கு வில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், உன் வேலையப் பார்," என்று எல்லார் முன்னாலும் அவன் மூக்கை உடைத்தேன்.

போன வாரம் ஒரு காலையில் நம் நிலத்தில் முப்பது கெஜத்தில் நல்ல ஆண் மான் நின்றது, எய்தேன். தோளெலும்பில் பட்டு அம்பு விரல் நீளம்கூட இறங்கவில்லை, தொங்கிக்கொண்டே இருந்தது. மான் வேலியைத் தாண்டி ரூடியின் நிலத்துக்குள் ஓடிவிட்டது. அங்கே காலை வைக்க அவனிடம் கேட்க வேண்டும், கேட்டால் எந்த அம்பு என்று சொல்ல வேண்டும். அடிபட்டதைத் தேடப் போகுமுன் அரைமணி காத்திருப்பது முறைதான், நான் அதைச் சாக்காக வைத்து வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன், பொழுது ஏறிக்கொண்டே போனது. அக்டோபருக்கு அன்று வெயில் அதிகம். சாயங்காலம் ரூடியே வந்தான், அவன் நாய் மானைக் கண்டுபிடித்திருந்தது. இறைச்சி முழுக்கக் கெட்டுவிட்டது, அது ரொம்ப நேரம் துடித்துத்தான் செத்திருக்கிறது. முறிந்த அம்பை என் கையில் கொடுத்து, "கதவத் தட்டியிருந்தா நானும் கூட வந்து தேடியிருப்பேனே, ஐலா," என்றான். அம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதோடு விட்டிருந்தால் தேவலை. மறுபடி கடைக்குப் போனபோது இந்த வருஷம் எனக்கு மான் ஏதாவது கிடைத்ததா என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ரூடி, "அவங்க இன்னும் எய்யவே இல்லப்பா, தோள் ஆறட்டும்," என்று சொல்லிவிட்டான். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன் நீலோ. நான் மூக்குடைத்தவன் என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான், நான் தலையாட்டுகிறேன். அன்றைக்குப் போல நான் என்றைக்கும் கூசிப் போனதில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர், "வில்ல இழுக்கத்தான் முடியல, வாயத் தொறக்கவுமா முடியல?" என்று கேட்டுவிட்டுப் புகைபோக்கியைத் துடைக்கப் போய்விட்டார்.

நீ நன்றாக இரு, காடு உனக்குத் துணையிருக்கட்டும், ஈரக் காலுறையோடு தூங்காதே. அடிபட்டது யார் நிலத்துக்குள் போனாலும் உடனே போய்க் கதவைத் தட்டு, அவர் என்ன நினைப்பார் என்று நிற்காதே. நாளைக்குக் காலை கடைக்குப் போய் ரூடியையும் வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லப் போகிறேன். சொல்லி முடித்த பிறகுதான் இதைத் தபாலில் போடுவேன். ஆகவே இது உன் கைக்கு வந்திருந்தால், சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உன் அம்மா,
ஐலா