அப்பா அச்சடித்த அட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே உன் உடம்பும் தொண்டையும் சௌக்கியமாக இருக்கும் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன், நீ சொல்லித் தெரிந்துகொள்ள வழியில்லை, போனை எடுத்தால்தானே. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், தம்பி நன்றாக இருக்கிறான், உன் அப்பா நன்றாக இல்லை. காய்ச்சல் தலைவலி ஒன்றும் கிடையாது, தட்டில் போட்டதைக் கிளறிவிட்டு எழுந்து போகிறார், அவ்வளவுதான். அன்றைக்குத் தம்பியிடம் போனில் அழுதாயே, உன் பாட்டு சிடியைத் திருட்டுத்தனமாக அடித்தது அப்பாதானா என்று கேட்டு, அதற்கப்புறம் உன் குரலை நாங்கள் கேட்கவில்லை. கோபம் நியாயம்தான். ஆனால் சிடி போட்ட கம்பெனிக்காரர்கள் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு நீ வாயை மூடிக்கொண்டால் எப்படி, நடந்தது என்ன என்று என் வாயாலும் கேள்.

உன் முதல் சிடி கடைக்கு வந்துவிட்டது என்று நீ சொன்னதும் நாங்கள் இரண்டு பேரும் இஸ்திரி போட்ட துணியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, பஸ் மாறி, அந்தப் பெரிய கண்ணாடிக் கடைக்குப் போனோம். அலமாரியில் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, விலைச்சீட்டைப் பார்த்ததும் விழி பிதுங்கிவிட்டது. ஒரு மாதப் பால் காசு! இது ஒன்றின் விலையா, ஒரு கட்டின் விலையா என்று கடைப் பெண்ணிடம் கேட்டேன், அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்பா மறுபேச்சில்லாமல் காசை எடுத்து வைத்தார். பஸ்ஸில் திரும்பும்போதும் விலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, அட்டையைத்தான் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "என் பொண்ணு முகம் இப்படியா இருக்கும், நீலம் ஏறிக் கெடக்கு, எவன்டா மெஷின்ல நின்னவன்" என்று வீடு வரும்வரை ஒரே புலம்பல். இத்தனை வருஷம் அச்சு மெஷினில் மை பார்த்த கண், சும்மா இருக்குமா?

மறுநாள் அச்சகத்தில் எல்லாரிடமும் காட்டி, நீங்களும் வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார். பைண்டிங் வேலை பார்ப்பவர் விலையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். "அண்ணே, உன் பொண்ணு பாட்டை நான் கேக்கணும்னா என் பொண்ணு இந்த வருஷம் ஷூ இல்லாமத்தான் ஸ்கூலுக்குப் போகணும்" என்றாராம். அந்த மனிதர் ஊதித் தள்ளுகிற சிகரெட்டுக்கு மாதம் இரண்டு சிடி வாங்கலாம், அது வேறு விஷயம். ஆனால் உன் அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நம்ம ஜனம் கேக்க முடியாத பாட்டை அவ எதுக்குப் பாடணும் என்று என்னிடம் வந்து கேட்டார். நான் அரிசி களைந்துகொண்டே தலையை ஆட்டி வைத்தேன், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் போல. வெற்று சிடி ஒரு பெட்டி வாங்கி வந்து தம்பியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டார். கேஸ் போடுவாங்கப்பா என்று தம்பி சொன்னான், என் மக பாட்டை நான் குடுக்க எவன் கேஸ் போடுவான் என்று அவன் வாயை அடைத்தார். ஞாயிற்றுக்கிழமை அச்சகத்துக்குப் போய், மிச்சம் கிடந்த தாளில், நீலத்தைக் குறைத்து உன் முகத்தை உன் நிறத்துக்கே கொண்டுவந்து அட்டை அடித்தார். அதோடு விட்டாரா, அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் விலாசமும் போன் நம்பரும்! எந்தத் தாள் மெஷினை விட்டுப் போனாலும் அச்சிட்டவர் பெயர் இல்லாமல் போகக் கூடாது, அது அவர் கையோடு ஊறிய பழக்கம். திருட்டு சிடி அடித்து, வந்து பிடித்துக்கொள் என்று விலாசமும் கொடுத்த ஒரே புண்ணியவான் உன் அப்பாதான். கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி வீடு வீடாகப் போய்க் கொடுத்தார், காசு நீட்டியவர்களிடம் கோபித்துக்கொண்டார்.

விலாசம் இருந்தால் கடுதாசி வராமல் இருக்குமா. கம்பெனியிலிருந்து நேராக அச்சக முதலாளிக்கே வந்தது. அவர் நல்ல மனிதர், வேலையைவிட்டு அனுப்பவில்லை, ஆனால் மெஷினிலிருந்து எடுத்துத் தாள் வெட்டுகிற பக்கம் போட்டுவிட்டார். அதைக்கூட இவர் தாங்கிக்கொண்டார். நீயேதான் அடிக்கச் சொன்னாய் என்று கம்பெனி சந்தேகப்படுவதும் உன் அடுத்த சிடியை நிறுத்திவைத்திருப்பதும்தான் இவரை அரிக்கிறது. எனக்கு யார் மேல் எரிந்து விழுவது என்றே தெரியவில்லை. ஒரு சிடி விற்றால் உனக்கு வருவது ஒரு டீ குடிக்கக் காணாது என்று சொன்னாயே, அந்த டீயையும் தட்டிவிட்டாரே என்று இவர் மேல் ஆத்திரம் வருகிறது. மீதியெல்லாம் எவன் வயிற்றுக்குப் போகிறது என்று நினைத்தால் அவர்கள் மேல் அதைவிட ஆத்திரம். எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, எட்டிப் பறித்தவனைத் திருடன் என்றால் வைத்தவனை என்னவென்று சொல்வது? இதை உன் கம்பெனியில் யாராவது கேட்டார்களா?

கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கி அனுப்பினால் பேசலாம் என்று அந்தக் கடுதாசியில் இருந்தது. பெரிய பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் உன் அப்பா. கொடுத்தபோது எத்தனை நிமிர்ந்து போனாரோ, அத்தனை குனிந்து போனார். யாரும் கொடுக்கவில்லை, கண்ணு. அண்ணே, வேற எது வேணும்னாலும் கேளு, அதை மட்டும் கேக்காதே, என் வீட்டுக்காரி அதைப் போட்டாத்தான் தையல் மெஷின்லயே உக்கார்றா என்றாராம் பைண்டிங்காரர். பஸ் டிரைவர் ஒருவர், வண்டியிலேயே மாட்டி வைத்திருக்கிறேன், கழற்றினால் பயணிகள் சண்டைக்கு வருவார்கள் என்றாராம். திருப்பிக் கொடுத்தது ஒரே ஒருவர், உன் பெரியப்பா. இரண்டு கார் நிற்கிற வீடு, விலைக்கே பத்து வாங்கியிருக்கலாம். இந்தாப்பா, அப்படியே இருக்கு என்று மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். அப்பா மேலே சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. அந்த ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்தான், அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப அவரிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

நீ அடிக்கச் சொல்லவில்லை, உனக்குத் தெரியவே தெரியாது என்று அப்பா கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறார், அவர்களிடம் காட்டு. அடுத்த தடவை கம்பெனி ஒப்பந்தத்தில் நீ கையெழுத்துப் போடும்முன் விலை என்ன வைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேள், கேட்பதில் தப்பில்லை. குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. எந்த மேடை ஏறினாலும் உன் குரல் நடுங்காமல் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். அவருக்குத் தெரியாமல் அவர் அடித்த அட்டை ஒன்றையும் உள்ளே வைத்திருக்கிறேன். கம்பெனி அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார். பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய், வாய் வலிக்கத் திட்டு, எனக்கும் சேர்த்துத் திட்டு. திட்டி முடித்துப் போனை வைப்பதற்குள், முகத்தின் நிறம் சரியாக வந்திருக்கிறது அப்பா என்று மட்டும் சொல்லிவிடு.

உங்கள் இருவர் மேலும் ஒரே அளவு கோபத்தோடு,
உன் அம்மா