யோகாவுக்கு ஒரு கிரெடிட்

12 பிப்ரவரி 2025, புதன்

காலேஜ் போக விழுப்புரத்தில் பேருந்து ஏறியதிலிருந்து திண்டிவனத்தில் இறங்கும்வரை கணக்குதான். கேம்பஸ் இன்டர்வியூவுக்குச் சென்னைக் கம்பெனி வருகிறது. ஐந்து செமஸ்டருக்கும் சேர்த்து சி.ஜி.பி.ஏ. என்னும் சராசரி ஏழு இருந்தால்தான் பெயர் பதியலாம். எங்கள் வகுப்பில் ஒருத்தருக்கும் அதைப் போடத் தெரியவில்லை. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம், வெட்கக்கேடு! பிளஸ் டூ கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கிய தஸ்லீமா நான் இருக்கும்போது என்ன கவலை? எல்லாப் பேப்பரின் கிரேடு பாயிண்டையும் கூட்டு, எத்தனை பேப்பரோ அதால் வகு. முடிந்தது.

எனக்கு 7.3. என் பக்கத்து சீட் கலைமதிக்கு 6.8. முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு.

"நல்லா பாருடி" என்றாள்.

"கால்குலேட்டர் பொய் சொல்லுமாடி?" என்றேன்.

துபாயில் இருக்கும் அத்தாவிடம் அம்மா என் பெருமையைச் சொன்னாராம். "பத்துக்கு ஏழுன்னா மீதி மூணு எங்க போச்சு?" என்று கேட்டாராம் என்னைப் பெற்ற அத்தா.

17 பிப்ரவரி, திங்கள்

நான் பதிந்துவிட்டேன். கலைமதி வரவில்லை. இன்டர்வியூ இல்லாதவளுக்குக் காலேஜில் என்ன வேலை என்று அவள் அப்பா துரைக்கண்ணு மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்குக் களையெடுக்க நிறுத்திவிட்டாராம். பாவம்தான். ஆனால் மூளை எல்லோருக்கும் ஒன்று போலவா இருக்கும்?

20 பிப்ரவரி, வியாழன்

அய்யய்யோ.

துறைத் தலைவர் கிருஷ்ணசாமி சார் வகுப்புக்குள் வந்ததும் வராததுமாக, "யாரு போட்ட கணக்கு இது? கிரெடிட் எங்க?" என்றார். வகுப்பு மொத்தமும் என்னைக் கை காட்டியது. துரோகிகள்.

"ஏம்மா, விக்கிரவாண்டி டோல்ல லாரிக்கும் காருக்கும் ஒரே காசா வாங்கறான்? அஞ்சு கிரெடிட் பேப்பரும் ஒரு கிரெடிட் யோகாவும் உனக்கு ஒண்ணா?"

கிரேடு பாயிண்டை அந்தந்தப் பேப்பரின் எடையைச் சொல்லும் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டுமாம். திரும்பப் போட்டேன். யோகாவில் நான் வாங்கிய 9.6-க்கு ஒரே கிரெடிட்! இடுப்பு ஒடிய ஆசனம் போட்டதெல்லாம் வீண். டேட்டா ஸ்ட்ரக்சரில் வாங்கிய 5.4-க்கு மட்டும் முழுசாக ஐந்து. என் நிஜமான சி.ஜி.பி.ஏ. 6.9. சார் என் பெயரை அடித்துவிட்டார்.

கலைமதியுடையதையும் போட்டேன். பெரிய பேப்பரிலெல்லாம் எட்டும் ஒன்பதுமாக வாங்கியிருக்கிறாள், யோகா மாதிரி சின்னதில்தான் கோட்டை விட்டிருக்கிறாள். 7.4!

நாளை மாலை ஐந்து மணியோடு பதிவு முடிகிறது. அவள் போன் ஸ்விட்ச் ஆஃப். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்கூட இல்லை. சரி, ஒரு நிமிடம். சீ, என்ன ஜென்மம் நான்!

21 பிப்ரவரி, வெள்ளி

காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு கோலியனூர் போனேன். கலைமதி கொல்லையில் குனிந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்தாள். கையில் களைக்கொத்து.

"ஒரு வாரமா என்னையே மக்கு மக்குன்னு திட்டிக்கினு கெடந்தேன்டி. நீ பாட்டுக்கு..." அழுதாள். நானும் அழுதேன்.

அவள் அப்பா ஓடிவந்தார். "ஏம்மா பொண்ணு, களையை உட்டுட்டு மல்லாட்டையப் புடுங்கிக்கினு இருக்க!" பார்த்தால், பேசிய பேச்சில் கைக்கெட்டிய செடியையெல்லாம் பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

செத்துக் கிடந்த அவள் போனுக்குச் சார்ஜ் ஏற்றி, ஓ.டி.பி. வாங்கி, நாலே முக்காலுக்குப் பதிந்தோம். "கெளம்பு" என்றாள். அவ்வளவுதான்.

6 மார்ச், வியாழன்

கலைமதி இன்னும் என்னோடு பேசவில்லை. புராஜெக்ட்டோ நாங்கள் இருவரும் சேர்ந்து செய்வது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, "மூணாம் பக்கம் தப்பா இருக்குதுன்னு அவகிட்ட சொல்லுங்க சார்" என்கிறாள். கிருஷ்ணசாமி சார் பேஜாராகிவிட்டார்.

14 மார்ச், வெள்ளி

கலைமதிக்கு வேலை கிடைத்துவிட்டது! வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல். தின்பதா வேண்டாமா என்று யோசித்தேன். தின்றுவிட்டேன். அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன் — சந்தோஷமா பொறாமையா, தெரியவில்லை.

18 ஜூன், புதன்

கடைசி செமஸ்டர் மார்க் வந்துவிட்டது. புராஜெக்ட்டில் இருவருக்கும் 9.2. கலைமதி சென்னைக்குப் போய் ஒரு வாரமாகிறதாம், ஊரார் சொல்லித்தான் தெரியும். அம்மா, "மொத்தம் எவ்ளோடி?" என்று நச்சரிக்கிறார். கணக்குப் போடவே பயமாக இருக்கிறது.

9 ஜூலை, புதன்

மத்தியானம் கலைமதி போன் செய்தாள். நாலு மாதத்துக்கு அப்புறம்! எடுத்ததும், "ஏய், எங்க கம்பெனில இன்னும் ஆள் எடுக்கறாங்க. உன் பேரைக் குடுத்துட்டேன். திங்கக்கெழம இன்டர்வியூ" என்றாள்.

"எனக்கு ஏழு வராதேடி" என்றேன்.

"உன் ரிஜிஸ்டர் நம்பர் எனக்குத் தெரியாதா? நெட்டுல மார்க்கைப் பாத்து, ஆறு செமஸ்டரையும் சேத்து நானே போட்டுட்டேன். ஏழு புள்ளி ஒண்ணு. அதுல நீ கை வெக்காத. ஜல்தி கெளம்பி வா."

வைத்துவிட்டாள். ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. போடவில்லை. சென்னை போக வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லப் போனேன்.