டர்போவுக்கு இரண்டு நிமிடம்

20 டிசம்பர் 2006, புதன்

விடியற்காலைப் பனியில் எதிர்வீட்டுச் செல்வத்துக்கு நெஞ்சுவலி. என் காரின் பின்சீட்டில் அவரைப் படுக்க வைத்தோம். எஞ்சினை ஓடவிட்டு, வழக்கம்போல் கடிகாரத்தைப் பார்த்தேன். குளிரில் எஞ்சினோடு சுழலும் டர்போ விசிறிக்கு எண்ணெய் ஏற இரண்டு நிமிடம் விடுவது என் பழக்கம்.

"இன்னா சார், வாட்ச்ச பாத்துகினு கீறீங்க? அவரு வேர்த்து ஊத்துறாரு, எடுங்க வண்டிய" என்றாள் அவர் மனைவி கஸ்தூரி.

"இன்னும் ஒரே நிமிஷம்மா" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், கிளம்பத் தாமதமானதா என்று டாக்டர் கேட்டார். கஸ்தூரி என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். கூப்ட்ட ஒடனே சார் எடுத்துட்டாரு."

நான் மறுத்துச் சொல்லவில்லை. செல்வம் இன்னும் கண் திறக்கவில்லை. அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? திட்டியிருந்தால் தூங்கியிருப்பேனோ என்னவோ.