மூடி போட்ட பேண்ட்சா

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே அம்மா, உன் மச்சான், நான் மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்ட பாடில்லை. சரி, நலம் விசாரித்தாகிவிட்டது, இனி என்னால் அடக்க முடியாது. டேய், நம் கத்திப் பட்டறைக்கு பேண்ட்சா வந்துவிட்டது!

சிரிக்காதே, நிஜமாகத்தான். இரண்டு சக்கரத்தைச் சுற்றி வளையமாகப் பிளேடு ஓடி இரும்பை அறுக்குமே, அதேதான். இரண்டு வருஷம் நீயும் நானும் படம் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டோமே! பஸ் நிலையத்துக்குப் பின்னால் கேட் செய்கிற கடையை மூடுகிறார்கள் என்று எலெக்ட்ரிஷியன் அண்ணன் வந்து சொன்னார். போட்டது போட்டபடி ஓடினேன். பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் கிடந்தது. மேலெல்லாம் துரு, உள்ளே கரப்பான் குடும்பம். சக்கரத்தைக் கையால் சுற்றினேன், ஒரு துளி ஆட்டம் இல்லை. இது நம்முடையது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். நான்கு பேர் சுமந்து வந்து இறக்கினார்கள். உன் மச்சான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இது நமக்கு உழைக்குமா, இல்ல இதுக்கு நாம உழைக்கணுமா என்று கேட்டார்.

மூன்று நாள் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேன். பிளேடைப் பிடித்து நேராக ஓடவைக்கிற பேரிங்குகளை எல்லாம் மாற்றினேன். கேட் கடைக்காரர் மோட்டார் பெல்ட்டைப் புல்லியின் வேகமான பள்ளத்தில் போட்டு வைத்திருந்தார். குழாய் அறுக்க அது சரி. நம் கத்தி எஃகை அந்த வேகத்தில் அறுத்தால் பல் சூடாகி மழுங்கிவிடாதா? இருப்பதிலேயே மெதுவான பள்ளத்துக்கு இறக்கினேன். படுத்துக்கிடந்த மெஷின் தலையைச் சக்கரங்களோடு நிமிர்த்தி நிறுத்தி, எஃகுப் பட்டையை வைத்துத் திருப்பித் திருப்பி அறுக்க ஒரு இரும்புத் தட்டும் பொருத்தினேன். புது பிளேடு மாட்டி ஓட்டினேன். அடடா, சக்கரத்தை விட்டு ஒரு நூல்கூட நகரவில்லை!

அப்புறம் நடந்ததை யாரிடமும் சொல்லாதே. எஃகுப் பட்டையை வைத்துத் தள்ளினால் கிறீச் என்று கத்துகிறதே தவிர அறுக்கவில்லை. பளபளவென்று ஒரு கோடு விழுகிறது, அவ்வளவுதான். பிளேடை இறுக்கினேன், தளர்த்தினேன். தெரியாமல் பதம் ஏற்றிக் கடினமாக்கிய எஃகைக் கொடுத்துவிட்டான் என்று இரும்புக் கடைக்காரரை வாயில் வந்தபடி திட்டினேன். அரத்தை வைத்துத் தேய்த்தால் வெண்ணெயாக இழைகிறது, எஃகில் குறையே இல்லை! அரை நாள் போயிற்று. சாப்பிடக் கூப்பிட வந்த உன் மச்சான், கழுத்தில் டேப்போடு குனிந்து பார்த்துவிட்டு, ஏம்மா, பிளேடு கீழ்ப் பக்கமா ஓடுது, பல்லு ஏன் மேல பாத்துக்கிட்டிருக்கு, ஊசியைத் தலைகீழா மாட்டிட்டுத் துணியைத் திட்டுறியே என்றார். எனக்கு மானமே போயிற்று. ரம்பத்தில் பல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று உன் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவள் நான்!

கழற்றி வளையத்தை அப்படியே திருப்பி மாட்டினேன். பல் பின்பக்கம் போய்விட்டது. உன் மச்சானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தைத்த சட்டைக் கையை உள்ளேருந்து வெளியே புரட்டுவோமே, அப்படிப் புரட்டு என்றார். புரட்டினேன். சாட்டை மாதிரித் துள்ளித் திரும்பியது. மாட்டி எஃகை வைத்தேன்.

தம்பி, அறுத்ததடா! வளைவு வளைவாக, நீ போட்ட கோட்டின் ஓரத்திலேயே போனது. ஆமாம், நீ போட்ட கோடுதான். பள்ளிக்கூடக் கேன்டீன் சமையல்கார அக்காவுக்கென்று கத்தி வடிவத்தை அட்டையில் வெட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாயே, அந்த அச்சை வைத்துக் கோடு போட்டுத்தான் முதலில் அறுத்தேன். தீப்பொறி இல்லை, கருகல் வாடை இல்லை. பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசலாம். அந்த அக்கா வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி, கைப்பிடி மட்டும் தம்பி போட்டாத்தான் எனக்குக் கத்தி, இல்லேன்னா வேணாம் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மாலைதான் உன் கடிதம் வந்தது. வருகிற ஒன்றாம் தேதி, நீ இப்போது பார்க்கிற கிடங்கு வேலையை நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போடப்போவதாகவும், உன் அரங்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியும் எழுதியிருந்தாய். இடக்கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை, கட்டிங் மெஷின் டிஸ்க் சத்தத்தை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது, என் கவனக்குறைவுக்கு யாரை நோவது என்றும் எழுதியிருந்தாய்.

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னாய். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டிங் மெஷினின் மூடியை, நீ அடிபட்ட அன்று காலை கழற்றியது நான். வளைவு அறுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி மேஜைக்கு அடியில் போட்டேன். திரும்ப மாட்டவில்லை. மூடி இருந்திருந்தால் உடைந்த டிஸ்க் உன் கைக்கு வந்திருக்காது. உனக்கு இது அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் பழியை நீ எடுத்துக்கொண்டாய். நானும், அவனே வாங்கிக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது தம்பி.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, இதை அவன்கிட்ட சொன்னியா என்று மட்டும் கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பேண்ட்சாவின் பிளேடு மூடியைக் கேட் கடைக்காரர் எப்போதோ தொலைத்திருந்தார். தகரத்தில் நானே ஒன்று அடித்து மஞ்சள் பெயின்ட் பூசியிருக்கிறேன். அதற்கு அடியில் எலெக்ட்ரிஷியன் அண்ணன் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார். மூடியைக் கழற்றினால் மோட்டார் ஓடாது. யாருக்காக இவ்வளவு பந்தோபஸ்து, நீ ஒருத்தி தானே வேலை செய்யறே என்று கேட்டார். எனக்காகத்தான் என்றேன்.

உன் அரங்களை எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். யாருக்கும் கொடுப்பதாக இல்லை. கைப்பிடியை இழைக்கிற கை வலக்கை. இடக்கை வெறுமனே பிடித்துக்கொள்ளத்தான். அதற்கும் முடியாவிட்டால் நான் பிடித்துக்கொள்கிறேன். அந்த வேலைதான் உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் கையெழுத்துப் போடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் வா. உன் கவனக்குறைவு இல்லை என்று அம்மா முன்னால் சொல்லு. என்னை வாய் வலிக்கும்வரை திட்டு. அதற்குப் பிறகு எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் திட்டுக்காகக் காத்திருக்கும்,
அக்கா