றுஸ்தியின் சுன்னத்து

ஏறாவூர்
02.12.2024

ராத்தா,

உங்கள் மகன் அஸ்கருக்கு ரத்தம் உறையாத வியாதி. உங்களுக்கு அது ஐந்து வருடமாகத் தெரியும். எங்களிடம் வீசிங் என்று பொய் சொன்னீர்கள். கொழும்பில் அவனுக்கு ஊசி போடும் இடத்தில் என்னோடு படித்த அகீலா உங்களைக் கண்டிருக்கிறாள். அவனுடைய சுன்னத்தை ஏன் ஆஸ்பத்திரியில் ரகசியமாகச் செய்தீர்கள் என்று இப்போது விளங்குகிறது.

போன மாதம் என் மகன் றுஸ்தி சைக்கிளால் விழுந்து, முழங்கால் வீங்கி, இரண்டு கிழமை மடிக்க முடியாமல் கிடந்தான். "குடும்பத்துல ஆருக்கும் ரத்தம் நிக்காம ஓடினதா?" என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

பதினான்காம் திகதி றுஸ்திக்குச் சுன்னத்து. கத்தி பட்டால் ரத்தம் நிற்குமா? அஸ்கரின் ரிப்போட்டை அனுப்புங்கள். அதைக் காட்டித்தான் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

றிஸ்லா

ஓட்டமாவடி
05.12.2024

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம்.

றுஸ்திக்கு என் முத்தங்கள். சஹ்லாவுக்கு இப்போதுதான் நல்ல இடம் ஒன்று பொருந்தியிருக்கிறது. உம்மாவின் வழியால் வருகிற வியாதி என்று தெரிந்தால் நம் கடைசித் தங்கச்சியை யார் எடுப்பார்கள்? ஜனவரியில் நிக்காஹ். அதுவரை காய்ச்சல் என்று சொல்லிச் சுன்னத்தைத் தள்ளிப் போடு. றுஸ்திக்கு அது இருக்காது. அல்லாஹ் காப்பான். றுஸ்திக்குத் தின்ன வட்டிலப்பம் அனுப்பியிருக்கிறேன். இதைக் கிழித்துவிடு.

உன் ராத்தா,
ஸஹீதா

ஏறாவூர்
10.12.2024

ராத்தா,

வட்டிலப்பத்தை யாரும் தொடவில்லை.

முனாப்பிடம் எல்லாம் சொன்னேன். "என்ட மகனுக்கு இது எங்கால வந்த?" என்று கேட்டுவிட்டு, எனக்கு முன்னாலேயே ஸ்பீக்கரில் உங்களுக்குப் போன் எடுத்தார். நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"அவள் சும்மா பயப்புடுறா மச்சான். அஸ்கருக்கு வீசிங்தான்."

வந்திருந்த மாமி சிரித்தார். "வருத்தம் புள்ளைக்கில்ல, உம்மாக்குத்தான்."

நானே கொண்டுபோய் றுஸ்தியின் ரத்தம் கொடுத்தேன். முடிவு வரச் சுன்னத்துச் சனிக்கிழமை கடந்துவிடும். முனாப் அந்த நாளை மாற்றமாட்டாராம். வீடு என் பேரில். அவர் விட்டுப் போனாலும் கூரை இருக்கும். பிள்ளை போனால்?

சஹ்லாவிடமாவது சொன்னீர்களா? அவளுக்கும் ஆண்பிள்ளை பிறக்கலாம். ஒரு மாப்பிள்ளைக்காக எத்தனை பிள்ளைகளின் ரத்தம் வேண்டும் உங்களுக்கு?

முனாப்புக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லுங்கள்.

றிஸ்லா

ஓட்டமாவடி, உங்கள் வாசல்
13.12.2024

ராத்தா,

இதைக் கதவுக்குக் கீழால் தள்ளுகிறேன். றுஸ்தியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்துவிட்டேன். ரத்தம் எடுத்த கை தோள்வரை நீலமாகி வீங்கியிருக்கிறது. ஊசி பிழைத்துவிட்டது என்கிறார் மாமி. முனாப் எங்களைத் தேடிப் பின்னால் வருகிறார்.

உள்ளே காற்றாடி ஓடுவது கேட்கிறது. உங்கள் செருப்பும் இங்கேதான் கிடக்கிறது.

அவர் வந்ததும் அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கதவைத் திறங்கள்.