பதினொரு நாள்களைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
நிதி மற்றும் நிர்வாகப் பொறுப்பாளர்,
பெண்கள் கொள்கை ஆய்வு மையம்
(ஓய்வுபெற்ற கணித ஆசிரியை).

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: எங்கள் மையத்தின் கள ஆய்வாளர் பேறுகால விடுப்பு கேட்டுக் கொடுத்த புகார், நான் தந்த பொய்க் கடிதத்தின் பேரில் முடித்துவைக்கப்பட்டது – அக்கடிதத்தைத் திரும்பப் பெறுவது, புகாரை மீண்டும் விசாரிக்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. கள ஆய்வாளரின் புகார், ஆகஸ்ட் 12. 2. என் கடிதம், செப்டம்பர் 4. 3. தங்கள் ஆணை, செப்டம்பர் 18.

மதிப்பிற்குரிய ஐயா,

செப்டம்பர் 11 அன்று நடந்த விசாரணையில் தாங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "மார்ச் கடைசியில அந்தப் பதினொரு நாள்ல இந்தப் பொண்ணு உங்களுக்காக ஒரு வேலையும் செய்யலையா டீச்சர்?" என்று கேட்டீர்கள். "செய்யலைங்க ஐயா" என்றேன். தாங்கள் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டீர்கள். வேறு சான்று கேட்கவில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த விடை தவறு. தவறு என்று தெரிந்தேதான் சொன்னேன். விடைத்தாளைக் கட்டிக் கொடுத்த பிறகு விடையை மாற்றக் கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்று அந்த அனுமதியைக் கேட்டு நானே தங்கள் முன் நிற்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. எங்கள் மையம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு தளங்களில் இயங்குகிறது. பெண்களுக்கென்று எழுதப்பட்ட சட்டங்கள் அவர்களிடம் உண்மையில் போய்ச் சேர்கின்றனவா என்று ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை கொடுப்பது மையத்தின் வேலை. அறிக்கைகளை எழுதுபவர் இயக்குநர். மற்றவை எல்லாம் என் பொறுப்பு. ஒப்பந்தம், ஊதியம், வாடகை, பயண ஏற்பாடு, நிதி தருபவர்களுக்குக் கணக்கு, கழிப்பறைக் குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுவது வரை நான்தான். ஆறு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன்.

2. வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பி வர ஐந்து கள ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஐவரும் பெண்கள். புகார் கொடுத்தவரை அலுவலகத்தில் எல்லாரும் 'சாவி' என்றுதான் கூப்பிடுவோம். மற்றவர்கள் மூன்று முறை தட்டியும் திறக்காத கதவு அவர் தட்டினால் திறக்கும். மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவர் பாதி நிரப்பிய படிவத்தைக் கொண்டுவந்ததில்லை.

3. இங்குள்ள ஒப்பந்தப் பணியாளர் விதிப்படி ஓராண்டு இடைவிடாமல் வேலை செய்த பெண்ணுக்கே ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பு உண்டு என்பது தாங்கள் அறிந்ததே. நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் எங்கள் தணிக்கையாளர் சொன்னார்: "பன்னெண்டு மாசம் முழுசா ஓடுச்சுன்னா எல்லாப் பொறுப்பும் நம்ம தலையில விழும் டீச்சர். நடுவுல ஒரு கோடு போட்டு விடுங்க." அவர்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அது புதிய பாடமே அல்ல. பள்ளியில் தற்காலிக ஆசிரியைகளை விடுமுறை தொடங்கும் நாளில் நிறுத்திவிட்டு, பள்ளி திறக்கும் நாளில் மறுபடி சேர்ப்பார்கள். உதவித் தலைமையாசிரியையாக இருந்தபோது ஆண்டுதோறும் அந்தப் பட்டியலை எழுதியவள் நான். பழகிய கை, ஐயா. கோடு நேராகவே விழுந்தது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 20 வரை ஒப்பந்தம்; மார்ச் 21 முதல் 31 வரை 'பணியில் இல்லை'; மறுநாள் புதிய ஒப்பந்தம். "எல்லாம் சட்டப்படிதானே டீச்சர்?" என்று இயக்குநர் ஒருமுறை கேட்டார். "ஒரு எழுத்துக்கூடப் பிசகாது" என்றேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

4. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதவேண்டும். சென்ற ஆண்டு எங்கள் மையம் எடுத்துக்கொண்ட ஆய்வே இதைப் பற்றியதுதான். தையல் தொழிற்சாலைகளில் பெண்களின் ஒப்பந்தத்தை ஆண்டுக்கு ஒருமுறை முறித்துப் பேறுகால விடுப்பைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்பதே அந்த ஆய்வு. கேள்வித்தாளில் பத்தொன்பதாவது கேள்வி: 'உங்கள் வேலையில் ஆண்டுக்கு ஒருமுறை இடைவெளி விடப்படுகிறதா?' அச்சுக்குப் போகும் முன் அந்தக் கேள்வித்தாளில் பிழை பார்த்தவள் நான். எழுத்துப்பிழை இரண்டு கண்டுபிடித்தேன்.

5. கள வேலை மார்ச்சில் பிந்திப்போனது. மாத இறுதிக்குள் முடிக்காவிட்டால் நிதி தருபவர்கள் அடுத்த தவணையை நிறுத்திவிடுவார்கள். மற்ற நால்வரும் ஊருக்குப் போய்விட்டார்கள். சாவியைக் கூப்பிட்டு, "காகிதத்துல லீவுன்னு இருக்கும். நீ பாட்டுக்குப் போய் முடிச்சிட்டு வந்துடும்மா" என்றேன். அப்போது அவருக்கு ஐந்தாம் மாதம். "அதுக்கென்ன டீச்சர்" என்று பையை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பதினொரு நாள்களில் அறுபத்திரண்டு வீடுகளின் மாடிப்படிகளை ஏறி இறங்கினார்.

6. நடுவில் ஒருநாள் திரும்பி வந்து, என் மேசைமேல் படிவங்களை அடுக்கிவைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார். "பத்தொம்பதாவது கேள்வியக் கேட்டா, அந்தக்கா என்னையே திருப்பிக் கேக்குறாங்க டீச்சர். 'எங்களுக்கு அப்படித்தான், உனக்கு எப்படிம்மா?'ன்னு. நான் என்ன சொல்றது?"

ஆய்வுக்கு ஒரு விதி உண்டு. கேள்வி கேட்பவர் தம் கதையைச் சொல்லக் கூடாது. சொன்னால் எதிரில் இருப்பவரின் பதில் மாறிவிடும். நல்ல விதிதான். நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். "சர்வே எடுக்குறவங்க பதில் சொல்லக் கூடாது, தெரியும்ல?" என்றேன். "தெரியும் டீச்சர்" என்றார். அதோடு நான் அதை மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

7. ஜூன் மாதம் அறிக்கை வெளியானது. பலரும் பாராட்டினார்கள். அதே மாதத்தில் சாவி பேறுகால விடுப்புக்கு விண்ணப்பித்தார். ஏப்ரல் 1 அன்றுதான் அவர் பணியில் சேர்ந்தார், மூன்று மாதம்கூட ஆகவில்லை என்று எழுதி நான் நிராகரித்தேன். ஜூலையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. விடுப்பும் இல்லை, ஊதியமும் இல்லை. வேலைக்கு வராததால் ஒப்பந்தமும் ரத்தானது. ரத்துக் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து.

அந்த நேரத்தில் என் மருமகள் தன் அலுவலகத்தில் ஆறு மாதப் பேறுகால விடுப்பு வாங்கிக்கொண்டு பேரனோடு என் வீட்டில் இருந்தாள். அவளுடைய விண்ணப்பத்தில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்ததும் நானே. சாவியின் செய்தியைச் சாப்பாட்டு மேசையில் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். மருமகள் குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே, "ஒரே பதிலுக்கு ஆளப் பாத்து மார்க் போடுவீங்களா அத்தை?" என்றாள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

8. பிறகு சாவியின் புகாரும், அந்தப் பதினொரு நாள்களில் அவர் வேலை செய்யவில்லை என்ற என் பொய்க் கடிதமும், தங்கள் விசாரணையும் ஆணையும் வரிசையாக வந்தன.

9. ஆய்வுப் படிவங்களில் பெண்கள் நம்பிச் சொன்ன செய்திகள் இருப்பதால், ஆறு மாதம் ஆனதும் அவற்றை அழித்துவிடவேண்டும் என்பது எங்கள் மையத்தின் வழக்கம். அதுவும் என் பொறுப்பு. கடந்த திங்கட்கிழமை முற்பகல் கோப்பறையில் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் அருகே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாக அழித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டின் மேல் 'மார்ச் 21–31' என்று சாவியின் கையெழுத்தில் எழுதியிருந்தது.

தேதியைக் கவனிக்காமல் சில படிவங்கள் உள்ளே போய்விட்டன என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. தேதியைப் படித்தேன். இந்தக் கட்டு போய்விட்டால் நான் சொன்னதைப் பொய் என்று காட்ட உலகத்தில் வேறு காகிதம் இல்லை என்பது புரிந்தது. புரிந்த பிறகுதான் ஆறு படிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விட்டேன். ஆறு பெண்கள் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துச் சொன்ன பதில்கள் அவை. ஏழாவதைக் கையில் எடுத்தபோது கட்டு சரிந்து, அடியில் இருந்த படிவம் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். அது மற்றவை போல இல்லை.

10. அது அறுபத்துமூன்றாம் எண் படிவம். தகவல் தருபவரின் தொழில் என்ற இடத்தில் 'கள ஆய்வாளர்' என்று இருந்தது. சாவி தன்னையே கேள்வி கேட்டு, தானே பதில் எழுதியிருக்கிறார். பத்தொன்பதாவது கேள்விக்கு 'ஆம்'. 'இப்போது இடைவெளி நாளா?' என்ற துணைக் கேள்விக்கும் 'ஆம்'. வாயால் பதில் சொல்லக் கூடாது என்று நான் சொன்னதால் எழுத்தால் சொல்லியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் 'சரிபார்த்தேன்' என்ற இடத்தில் மார்ச் 31 தேதியிட்டு என் கையெழுத்து. தேதி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஒப்பமிட்டிருக்கிறேன். பதிலைப் படிக்கவில்லை. அறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கத்து அட்டவணையில் 'ஆம்' சொன்ன பெண்களின் எண்ணிக்கையில் எங்கள் சாவியும் ஒருவர்.

11. மறுநாள் இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வாய் வரல டீச்சர். நான் கேக்காம விட்டுட்டேன்" என்றார். பிறகு, "நம்ம மையத்தையே இழுத்து மூடிடுவாங்களோன்னு பயமா இருக்கு. ஆனா கொண்டுபோங்க. தடுக்கமாட்டேன்" என்றார்.

அன்று மாலையே சாவியின் வீட்டுக்குப் போனேன். ஊரில் எல்லாக் கதவையும் திறக்க வைத்தவர், தன் கதவைப் பாதிதான் திறந்தார். இடுப்பில் குழந்தை இருந்தது. நான் மன்னிப்பு என்று தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்: "அதெல்லாம் வேணாம் டீச்சர். எழுத்துல குடுங்க. வாயால சொன்னது கணக்குல வராதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க." கதவு மூடியது. வாசலில் நின்று அவர் சொன்னதையே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவருக்கு இதற்குமேல் நான் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை.

12. ஆகவே ஐயா, எழுத்தில் கொடுக்கிறேன். என் செப்டம்பர் 4 கடிதம் பொய். அதைத் திரும்பப் பெறுகிறேன். தங்கள் ஆணைமீது மேல்முறையீடு செய்ய இன்னும் பத்து நாள்களே உள்ளன. கைக்குழந்தையோடு அவர் அலையாமல் இருக்க, தாங்களே ஆணையை ரத்துசெய்து புகாரை மீண்டும் விசாரணைக்கு எடுக்க வேண்டுகிறேன். மூன்று ஆண்டுகளையும் ஒரே பணிக்காலமாகக் கொண்டு, அவருக்குரிய விடுப்பும் ஊதியமும் வேலையும் கிடைக்கச் செய்ய வேண்டுகிறேன். மற்ற நால்வரின் ஒப்பந்தத்திலும் இதே கோடு இருக்கிறது. அவர்கள் யாரும் புகார் தரவில்லை என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம்.

என்மீது எடுக்கவேண்டிய நடவடிக்கையை என் வயதையோ பழைய வேலையையோ பார்த்துக் குறைக்க வேண்டாம். 'டீச்சர்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் சென்ற முறை தாங்கள் சான்று கேட்காமல் விட்டீர்கள்.

13. மீதமுள்ள ஐம்பத்தேழு அசல் படிவங்களை இணைத்துள்ளேன். தகவல் தந்த பெண்களின் பெயரும் முகவரியும் உள்ள பகுதியைக் காகிதம் ஒட்டி மறைத்திருக்கிறேன். அது அவர்களுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு. அருள்கூர்ந்து அதைப் பிரிக்க வேண்டாம். கடைசிப் படிவத்தில் மட்டும் எதையும் மறைக்கவில்லை. அப்படியே கொடுக்கும்படி மற்றொரு கள ஆய்வாளர் மூலம் சாவி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தாங்கள் செய்யவேண்டியது சிறிய வேலைதான். கட்டின் அடியில் உள்ள அறுபத்துமூன்றாம் எண் படிவத்தை எடுங்கள். முதல் பக்கத்தின் மேல் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் கையெழுத்தைப் பாருங்கள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, அன்று கேட்ட அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள்.

இணைப்பு: கள ஆய்வுப் படிவங்கள் 57, ஒப்பந்த நகல்கள் 3, அறிக்கையின் 41ஆம் பக்கம்.

இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்புக் கூடம்
நாள்: அக்டோபர் 8

தலைகுனிவுடன்,
(கையெழுத்து)
நிதி மற்றும் நிர்வாகப் பொறுப்பாளர்