பழுதாகாத பொருட்களின் ஏலம்

அண்ணை,

இருபத்திரண்டாம் இலக்க அட்டையின் பின்புறத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. இன்று காலை மேசையில் பொருட்களை அடுக்கும்போது கண்டேன். நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. அட்டையை அப்படியே தண்ணீர் குடிக்கும் வெள்ளி மூக்குப்பேணிக்கு முன்னால் வைத்தேன்.

இன்று ஏலம் நடந்தது. நீங்கள் போனபின் முதல் ஏலம். நான்தான் விலை கூறினேன்.

இப்போது மாலை ஐந்து மணி. மண்டபத்தில் சனம் இருந்த மர வாங்குகள் இன்னும் கோணலாகக் கிடக்கின்றன. தொண்டை கட்டிப்போய்விட்டது. யாருக்காவது சொல்லியாக வேண்டும், கதைக்கக் குரல் இல்லை. எழுதுகிறேன். எழுத்தும் கோணல். பரவாயில்லை, நீங்கள் என் எழுத்தை ஒருநாளும் மதித்ததில்லை. நான் ஒரு கிழமை இருந்து தயாரித்த முதல் பட்டியலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உது என்ன பிள்ளை, செத்தவீட்டு நோட்டீசோ?" என்று கேட்டவர் நீங்கள்.

உங்களைத் தேடி குருநகர் மீன் ஏலக் கரைக்கு வந்த காலை நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய கிழமைதான் என் முதல் ஏலம் செத்திருந்தது. பூட்டிக் கிடந்த வீடுகளின் பழம்பொருட்கள், வெள்ளி, புத்தகங்கள். பல்கலைக்கழகத்தில் படித்ததையெல்லாம் கொட்டி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதியிருந்தேன். முன்பு ரியூசன் வகுப்பு நடந்த மண்டபம் நிறையச் சனம் வந்தது. ஒரு கைகூட உயரவில்லை. எங்கள் ஊரில் ஏலம் என்றால் அடகில் மூழ்கிய நகை. அடுத்தவன் வீட்டு வெள்ளிக்குக் கை தூக்குவது வெட்கம். வந்தவர்கள் பொருட்களைப் பார்த்தார்கள், "இது ஆரின்ரை வீட்டுச் சாமான்?" என்று காதுக்குள் கேட்டார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

கரையில் நீங்கள் பாரை மீன் குவியலுக்கு முன்னால் நின்று கூறிக்கொண்டிருந்தீர்கள். விலை ஏறிக்கொண்டே போனது. யார் ஏற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சுற்றி நின்ற இருபது பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முடிந்ததும் என்னிடம் வந்தீர்கள்.

"என்ன பிள்ளை, மீன் வாங்கவோ, பேப்பருக்கு எழுதவோ?"

"வெள்ளிச் சாமான் கூறித் தருவீங்களோ அண்ணை? புத்தகமும் இருக்கு."

"பழுதாப்போகுமோ?"

"இல்லை."

"பிறகேன் ஏலம்?"

பதிலுக்குப் பட்டியலை நீட்டினேன். அந்தக் கேள்விக்கு இன்றும் பதில் தேடுகிறேன். ஆனால் வந்தீர்கள். அடுத்த ஞாயிறு, இரண்டுமுறை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு. முழங்கையில் மட்டும் ஒரு செதில்.

வெள்ளியை மினுக்க வேண்டும் என்று நின்றீர்கள். பழைய கறுப்புத்தான் அதன் வயது, தொடக்கூடாது என்றேன். நான் திரும்பும் நேரம் பார்த்துத் திருநீறு போட்டுத் தேய்த்துவிட்டீர்கள். "நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போற என்னை விபூதி பூச வைச்சது நீர்தான்" என்று பழியும் என் தலையில். பழைய புத்தகம் ஒன்றை எடுத்து, மீனின் செவுளைத் தூக்கிக் காட்டுவதுபோல அட்டையைத் தூக்கி, உள்ளே ஒட்டியிருந்த சிவப்புத் தாளைக் கூட்டத்துக்குக் காட்டினீர்கள். "பாருங்கோ. நேற்றுப் பிடிச்ச மாதிரி." நான் தலையில் கை வைத்தேன். கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டம் வாங்கியது.

சிரிப்பு மட்டும் காரணம் இல்லை. ஏலம் தொடங்குமுன் வாங்கு வாங்காகப் போய் ஒவ்வொருவர் காதிலும் ஏதோ கேட்டீர்கள். பிறகுதான் எனக்குச் சொன்னீர்கள்.

"இஞ்சை ஒருத்தரும் கையைத் தூக்கமாட்டினம் பிள்ளை. தூக்கினா நாளைக்கு ஊரெல்லாம் கதை. எங்கடை கரையிலையும் அப்பிடித்தான். ஆளுக்கொரு அடையாளம் வைச்சிருக்கு. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

காதுத் தோட்டைத் தொடும் ரீச்சர். பேனை மூடியைக் கழற்றும் ஓய்வூதியக்காரர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடும் டாக்குத்தர். வெட்கம் அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எல்லோரும் விலை கேட்டார்கள். அன்று ஒரு பொருளும் மிஞ்சவில்லை.

போன மாசியில் நெஞ்சுநோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை. ஐந்து மாதம் மண்டபத்தைத் திறக்கவில்லை நான்.

திறக்க வைத்தது ஒரு புத்தகம்.

அரியாலையில் ஒரு வீடு. பிள்ளைகள் கனடாவில். உள்ளதையெல்லாம் நல்ல விலைக்கு விற்றுத் தரச் சொன்னார்கள். அலுமாரியின் அடித்தட்டில், கரையான் முதல் தாளைத் தின்றுவிட்ட ஒரு சிறு நூல். நாற்பது தாள். பாய்க்கப்பல் ஓட்டுபவர்களுக்காக அச்சிட்டது. எந்த நட்சத்திரம் எந்த நேரத்தில் எழும், எந்தக் காற்றில் எந்தத் துறைக்குப் போகலாம், எல்லாம் செய்யுளில். பழைய அச்செழுத்து. இன்னொரு பிரதி இருப்பதாக எந்த நூலகப் பட்டியலிலும் காணவில்லை. தரையில் இருந்துவிட்டேன் அண்ணை. தூசிக்குள், அப்படியே.

செய்தி பரவியது. நேற்று, பொருட்களைப் பார்க்கும் நாளில், கடலோரத் தொண்டைமானாற்றிலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். கணிதம் படிப்பிப்பவர். கூட வாசிகசாலைக்காரர் இருவர். புத்தகத்தைத் திறந்து நின்றபடியே வாசித்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"தங்கச்சி, இது எங்கடை ஆக்களின்ரை கணக்கு. என்ரை பூட்டன் தண்டயல். இந்த வழியாலைதான் கப்பல் கொண்டுபோனவர்."

ஊரில் காசு சேர்த்திருந்தார்கள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அதிகம் இராது என்று சட்டைகளைப் பார்க்கத் தெரிந்தது.

அடுத்ததாகக் கொழும்பு வியாபாரி வந்தார். உங்களுக்குத் தெரியும் அவரை. கடைசி வாங்கில் இருப்பார், கை மணிக்கூட்டு வாரைத் தொட்டால் விலை ஏற்றுகிறார். நல்ல மனிதர், ஒருநாளும் எங்களை ஏமாற்றியதில்லை. புத்தகத்தைப் பார்த்தார், மூடினார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாத பொருளைத்தான் கொண்டுபோவார்.

ஒளிக்காமல் சொல்கிறேன். என் மனம் தொண்டைமானாற்றுப் பக்கம் நின்றது. கொழும்புக்குப் போனால் அந்தப் புத்தகம் பிறகு எந்த நாட்டில் எந்தக் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இன்று மண்டபம் நிறைந்தது. நான் வாங்கு வாங்காகப் போய் அடையாளங்களைக் கேட்டேன். பாதிப் பேருக்குப் பழைய அடையாளம்தான். "அண்ணைக்கு வைச்சதுதான் உமக்கும்" என்றார் ரீச்சர். மாஸ்டர் மட்டும் அடையாளம் வேண்டாம் என்றார். "நான் கையைத் தூக்குவன். எங்கடை பொருளை வாங்க எனக்கென்ன வெட்கம்?"

முதல் இருபத்தொரு பொருளும் தடுமாறித்தான் போயின. குரல் எழும்பவில்லை. பிறகு மூக்குப்பேணி வந்தது. அண்ணை, நீங்கள் நின்று பார்த்திருக்க வேண்டும். ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் அக்காவும் தங்கையும். ஒருத்தி தோட்டைத் தொடுகிறாள். மற்றவள் சங்கிலியைத் தொடுகிறாள். ஒருத்தியின் அடையாளம் மற்றவளுக்குத் தெரியாது. விலை விறுவிறு என்று ஏற, இருவரும் சேர்ந்து திரும்பிப் பின்வாங்குகளை முறைத்தார்கள்.

"ஆரடி அது, விசர் மாதிரி ஏத்திறது?" என்று அக்கா.

"ஆரோ வெளிநாட்டுக் காசு" என்று தங்கை, சங்கிலியைத் தொட்டபடி.

நான் சொல்லலாமா? சொல்லக்கூடாது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு கூறினேன். தங்கையின் பெயரைச் சொல்லி மேசையில் அடித்தபோது அக்கா அவளைப் பார்த்த பார்வை! "நீயோடி?" மண்டபமே குலுங்கியது. அந்தச் சிரிப்போடு என் குரல் திறந்தது. அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. பன்னீர்ச்செம்பு, வெற்றிலைத் தட்டம், குங்குமச் சிமிழ். மீன் வெயிலில் பழுதாகிவிடும் என்பதுபோல ஓடினேன்.

பிறகு புத்தகம்.

மாஸ்டரின் கை. மணிக்கூட்டு வார். கை. வார். மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் வந்து உடனே விலகினார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் கேத்திலைக் கீழே வைத்தார். கை. வார். வாசிகசாலைக்காரர் ஒருவர் மாஸ்டரின் முழங்கையைப் பிடித்தார். மாஸ்டர் அவர் கையை விலக்கிவிட்டுத் தன் கையைத் தூக்கினார். ஊர் சேர்த்த காசின் எல்லையைக் கடந்துவிட்டார் என்று விளங்கியது.

கடைசி வாங்கில் தலை குனிந்தது. வியாபாரி தன் பட்டியலில் ஏதோ குறித்தார்.

ஒருதரம்.

ரண்டுதரம்.

சனமெல்லாம் திரும்பி மாஸ்டரைப் பார்க்கிறது. வாசிகசாலைக்காரர் எழும்பத் தொடங்கிவிட்டார்.

மூண்டு.

வியாபாரியின் விரல் மணிக்கூட்டு வாரில்.

நான் கண்டேன். என்னைத் தவிர வேறொருவரும் காணவில்லை என்றே நினைத்தேன். மிஞ்சி இருந்தது ஒரேயொரு சொல். தரம். அதைச் சொல்லி மேசையில் அடித்தால் புத்தகம் கடலோரம் போய்விடும். வியாபாரி வாதாடினால், பிந்திவிட்டீர்கள் என்று சொல்லலாம்.

ஒருநாள் ரோல்ஸ் சாப்பிட்டபடி நீங்கள் சொன்ன கதை உண்டே. உங்கள் தம்பி மீன் வியாபாரம் தொடங்கிய நாள். அவருக்காக நீங்கள் ஒரு லொறிக்காரர் கண்ணால் காட்டிய அடையாளத்தைக் காணாததுபோல் விட்டது. "ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை பிள்ளை. அடுத்த நாள் எல்லாரும் ஒரு அடி தள்ளி நிண்டவங்கள். அவ்வளவுதான். அந்த ஒரு அடி திரும்பிவர ஒரு வருசம் பிடிச்சுது." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கதை விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரத்தில் அந்தக் கதையை நினைத்தேன் என்று சொன்னால் பொய். கனடாவில் இருக்கும் பிள்ளைகளையும் நினைக்கவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. சொல் வரவில்லை. பிறகு கேட்டது என் குரல்தான்.

"பின்னுக்கு ஐயா ஏத்தியிருக்கிறார். கூட்டுறீங்களோ மாஸ்டர்?"

மண்டபம் திரும்பியது. எழும்பியவர் திரும்ப வாங்கில் இருந்தார். மாஸ்டர் கையைத் தூக்கவில்லை. இல்லையென்று தலையை மட்டும் ஒருமுறை ஆட்டினார்.

மூண்டுதரம். அடித்தேன்.

அதற்குப் பிறகு எதை விற்றேன் என்று தெரியாது. எல்லாம் போயிற்று, அது மட்டும் தெரியும். வியாபாரி புத்தகத்தைத் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டார். வாசலில் மாஸ்டர் அவரை மறித்து ஏதோ கேட்டார். "பத்து நிமிசம். வெளிச்சத்திலை வைச்சு எடுங்கோ" என்றார் வியாபாரி. வாசிகசாலைக்காரர் தாளைப் புரட்ட, மாஸ்டர் குந்தியிருந்து நாற்பது தாளையும் போனில் படமெடுத்தார். வியாபாரி பக்கத்தில் நின்று நிழல் விழாமல் குடை பிடித்தார். ஒரு பக்கத்தை ஒருவரும் விடவில்லை.

நான் உள்ளே ஒளிந்து நின்றேன். மாஸ்டரின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவரே வந்தார்.

"தங்கச்சி, அவரின்ரை விரல் வாருக்குப் போனதை நானும் கண்டனான்."

கையிலிருந்த இலக்க அட்டைகளை மேசையில் வைத்தேன்.

"நீங்கள் விட்டிருந்தா, ஓம், சந்தோசமாக் கொண்டுபோயிருப்பன். பொய் சொல்லேல்லை."

"எனக்கும் விடத்தான் மனம், மாஸ்டர்."

"தெரியும். உங்கடை வாயைப் பாத்தனான்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்கடை வீட்டிலை பூட்டன்ரை பெட்டி ஒண்டு கிடக்கு. இவ்வளவு காலம் ஒருத்தருக்கும் திறந்து காட்டேல்லை. கடதாசியள், ஏதோ வெள்ளிச் சாமான், புத்தகம் போலையும் ஒண்டு. விக்கிறதுக்கில்லை. என்ன இருக்கெண்டு பாத்துச் சொல்லுவியளோ?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்வது? ஓம் என்று மூன்றுதரம் சொன்னேன் போலிருக்கிறது.

அண்ணை, ஐந்து மாதமாக நான் தேடியது உங்கள் குரலை. கரையில் இரண்டு பேரைக் கேட்டும் பார்த்தேன், வரமாட்டோம் என்றார்கள். எனக்குள் தங்கியிருப்பது குரல் இல்லை என்று இன்றுதான் தெரிந்தது. மூண்டு என்று சொன்னபின் நீங்கள் வாயை மூடாமல் வைத்திருப்பீர்களே, ஒரு மூச்சு அளவு. பழக்கம் என்று நினைத்திருந்தேன். யாரோ ஒருவர் இன்னும் வரக்கூடும் என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது அது. இன்று அது என் வாயில் இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

நாளைக்கு முதல் பஸ்ஸில் தொண்டைமானாறு போகிறேன். பட்டியல் எழுதப் பேனை வேண்டாம், விலை வேண்டாம், இலக்க அட்டை வேண்டாம். பெட்டிக்குள் என்ன இருக்குமோ. இன்று எனக்கு நித்திரை வராது.